சுத்தமா கறுப்பு வரல

எங்ககூட வேலை பாத்த அக்காவோட போட்டோ ஒண்ணு வேணும்னு அவங்க தம்பி கோலார் தங்கவயல்லேர்ந்து எங்க ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாரு. முப்பதாம் நாள் பூசையில சின்னதா ஒரு அட்டை குடுப்பாங்க இல்ல, ஒரு பக்கம் செத்தவங்க முகம், மறுபக்கம் ஒரு ஜெபம், அதுக்கு. "அதுக்கென்ன, உக்காருங்க"ன்னு பெரிய இவன் மாதிரி சொல்லிட்டு எழுந்தேன். ரேக் பக்கம் போனப்புறம்தான் உறைச்சுது. என்கிட்ட அக்கா போட்டோ ஒண்ணுகூட இல்ல.

பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல எங்க ஸ்டுடியோவுல சுவரே தெரியாம கேசட்டு அடுக்கியிருக்கும். அந்தப் பக்கத்துல பாதிப் பேரு கல்யாணம் எங்ககிட்டதான் இருக்கு. யாரு யாருக்கு மோதிரம் போட்டாங்க, எந்த மாமா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தாரு, எல்லாம் இருக்கு. அத்தனையும் உக்காந்து வெட்டி ஒட்டிக் குடுத்தது அக்கா. ஆனா அக்கா எதுலயும் இல்ல.

எலெக்ஷன் கார்டு இருக்குமேன்னு கேட்டேன். அக்கா ரூம்ல கிடைச்சதுன்னு தம்பி பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தாரு. அந்தக் கார்டுல எல்லாருக்கும் ஒரு திருட்டு முழி இருக்கும், அக்காவுக்கு அதுகூட இல்ல. ஒரு கறுப்புத் தீற்றல், அதுக்குக் கீழ ஒரு பேரு. சரி, சின்ன வயசுல எடுத்தது உங்க வீட்ல இருக்குமேன்னேன். அவரு தரையைப் பாத்துக்கிட்டு சொன்னாரு:

"எல்லாத்தையும் அப்பவே எடுத்துட்டோம் சார்."

அக்கா கட்டிக்கிட்டுப் போன வீட்லேர்ந்து ஒரு வருஷம் முடியறதுக்குள்ள திரும்பி வந்தவங்க. அதுக்கு மேல அவங்க என்கிட்ட சொன்னதில்ல, நானும் கிண்டிக் கிளறினதில்ல. வந்தப்போ பொறந்த வீட்ல சேத்துக்கல. சுவத்துல மாட்டியிருந்தது, ஆல்பத்துல ஒட்டியிருந்தது, அக்கா நிக்கற படம் எதையும் மிச்சம் வெக்கலையாம். எனக்கு வந்த கோவத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த மனுஷன் பையை மடியில வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கறவர் மாதிரி உக்காந்திருந்தாரு. ஞாயித்துக்கிழமை வாங்க, தேடி வெக்கறேன்னு சொல்லி அனுப்பினேன்.

அக்காவைப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல டீ டம்ளரைத்தான் சொல்லணும். என்ன அவசரமா இருந்தாலும் அடியில ஒரு வாய் விட்டுட்டுத்தான் டம்ளரைக் கீழ வெப்பாங்க. டீக்கடைக்காரர் ரொம்ப நாள் தன் டீ நல்லா இல்லையோன்னு மனசுக்குள்ள குமைஞ்சு, ஒருநாள் என்கிட்டயே கேட்டுட்டாரு. டீயில ஒண்ணும் குறையில்ல, அது அவங்க பழக்கம்னு சொல்லி அனுப்பினேன். சாப்பாட்டு டப்பாவுலயும் ஒரு கவளம் இருக்கும். ஏங்க்கா அதையும் போட்டுக்கக் கூடாதான்னா, "கொஞ்சம் இருக்கட்டுமே"ன்னுவாங்க. யாருக்கு, எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க.

விவேக் நகர்ல, கோயிலுக்குப் பின்னால ஒரு வட்டாரத்துல இருந்தாங்க. வட்டாரம்னா இங்க, ஒரே காம்பவுண்டுக்குள்ள வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க, நடுவுல எல்லாருக்கும் ஒரு குழா. அக்கா வேலைக்குக் கிளம்பறப்போ ரேடியோவை அணைக்கவே மாட்டாங்க. சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைச்சு வெச்சுட்டு, கதவைப் பூட்டிக்கிட்டு வந்துருவாங்க. பூட்டின வீட்டுக்குள்ள யாரோ முணுமுணுன்னு பேசற சத்தம் கேக்குதுன்னு புதுசா குடி வந்த ஒரு அம்மா பயந்து ஊரைக் கூட்டிட்டாங்களாம். அதை அக்காவே சொல்லிச் சிரிச்சாங்க. கரண்ட் பில் எகிறுமேக்கான்னு நான் கேட்டேன். அதுக்கு அவங்க, "திரும்பி வந்து பூட்டைத் திறக்கறப்போ உள்ள பேச்சுக் குரல் கேட்டா நல்லா இருக்குல்ல?"ன்னாங்க. ஆமாம்க்கான்னேன்.

ரெண்டாயிரத்து ரெண்டு, மூணு வாக்குல இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோட ஓசியா ஒரு சிடி வந்துச்சு. எங்க ஓனர் அதை டீ டம்ளர் வெக்கற தட்டா ஆக்கிக்கிட்டாரு. ஒருநாள் வேலை இல்லாத மத்தியானம் அக்கா அதைத் தொடைச்சு உள்ள போட்டுப் பாத்தாங்க. அதுல ஒரு ப்ரோக்ராம். அதுவரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்சது என்ன? கல்யாணத்துல எடுத்துக்கிட்டு வந்த டேப்பை மாசக்கணக்குல வெச்சு, அங்க ஒரு ரோஜாப்பூ, இங்க ஒரு அருவின்னு சொருகிக் குடுக்கறது. இது அப்படி இல்ல. நாலஞ்சு படத்தை ஒரே நேரத்துல ஓடவிட்டு, அங்கயே, ஜனங்க பாத்துக்கிட்டிருக்கறப்பவே, கையால கலக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தள்ளுகட்டை. மேல தள்ளினா படம் தெளிவா வரும், கீழ இறக்க இறக்க மங்கிப் போகும்.

கத்துக்கிட்ட கூத்து இருக்கே. அதுல இருந்த விளக்கம் இங்கிலீஷும் இல்ல, என்ன பாஷைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. ஒவ்வொரு பட்டனா அமுக்கி, என்ன ஆவுதுன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டோம். திரையில ரெண்டு பெட்டி இருந்துச்சு. ஒண்ணுல நாம எது செஞ்சாலும் வெளிய தெரியாது, இன்னொண்ணு நேரா ப்ரொஜெக்டருக்குப் போவும். இது வீடு, அது ரோடுன்னு அக்கா அதுக்குப் பேரு வெச்சாங்க. வீட்ல தயார் பண்ணிக்கிட்டுத்தான் ரோட்டுக்கு வரணும்னுவாங்க. படத்தை ரொம்பச் சின்ன சைஸுக்கு மாத்தினாத்தான் தடுக்காம ஓடும்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள மெஷின் படுத்து எந்திரிச்ச கணக்கு தாளாது. எந்தப் படம் எந்தக் கீயிலன்னு மறக்காம இருக்க, கீபோர்டுல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாங்க. சிகப்புப் பொட்டு பொண்ணு வீடு, பச்சைப் பொட்டு மாப்பிள்ளை வீடு.

அந்த ப்ரோக்ராமுக்கு ஒரு பிடிவாதம். ஒரு கேமராவாவது மாட்டியிருந்தாத்தான் திறக்கும். எஸ்.பி. ரோடுல ஒரு குட்டிக் கேமரா வாங்கிக்கிட்டு வந்து மானிட்டர் தலையில உக்கார வெச்சேன். மொத மொதல்ல திரையில வந்தது அக்கா முகம்தான். ஐய்யேன்னு முந்தானையை இழுத்து வாயை மூடிக்கிட்டாங்க. அப்புறம் அவங்களே முதல் தள்ளுகட்டையைப் பிடிச்சு இறக்கிட்டு, அதுக்கு மேல ஒரு ரோஜாப்பூவை ஏத்தினாங்க. அதோட அந்தக் கேமரா ஜோலி முடிஞ்சுது. ப்ரோக்ராம் திறக்கணுமேன்னு போற எடத்துக்கெல்லாம் அதையும் தூக்கிக்கிட்டுப் போனோம், அவ்வளவுதான்.

மொத கல்யாணம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பொண்ணுக்கு அப்பா இல்ல. ரிசப்ஷன்ல கேக் வெட்டறப்போ அவரு ஆசீர்வாதம் பண்ற மாதிரி திரையில காட்ட முடியுமான்னு பொண்ணோட அம்மா கேட்டாங்க. அவரு இருக்கற ஒரே டேப் எதோ ஊருக்குப் போனப்போ எடுத்தது. அதுலயும் அந்த மனுஷனுக்குக் கேமரான்னாலே ஆவாது போல. எடுக்காத, எடுக்காதன்னு கையைத் தூக்கி மறைக்கறாரு. அக்கா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஓட்டத்தைக் குறைச்சு, மெதுவா ஓடவிட்டு, மேடையில நிக்கற பொண்ணு மாப்பிள்ளை படத்து மேல லேசா ஏத்தினாங்க. வேணாம்னு தூக்கின கை அப்படியே ஆசீர்வாதக் கை ஆயிடுச்சு. அந்த அம்மாவுக்கு மட்டும் அது எந்தக் கைன்னு தெரியும். சிரிக்கறாங்க, கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது.

கேக் வெட்டி முடிஞ்சுது. ஓனர் பின்னாலேர்ந்து ஜாடை காட்டறாரு, அவரை எடுத்துடுன்னு. அக்கா தள்ளுகட்டையை இறக்கறாங்க, இறக்கறாங்க, அடி வரைக்கும் வந்துட்டு கை நின்னுடுச்சு. ஜனங்க கண்ணுக்கு அவரு போயிட்டாரு. ஆனா தள்ளுகட்டை அடியில முட்டல. அன்னிக்கு முழுக்க, குரூப் போட்டோ, சாப்பாடு, டான்ஸு, எல்லாத்துக்கும் அடியில அந்த அப்பா இருந்தாரு. எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அதுக்கப்புறம் செத்தவங்களுக்கு டிமாண்ட் ஜாஸ்தி ஆயிடுச்சு. கல்யாணம் பேச வரவங்க எல்லாரும் அண்ணன் படம், மாமனார் படம்னு கையோட கொண்டாந்துடுவாங்க. அக்கா எல்லாரையும் வரவெச்சாங்க. யாரையும் முழுசா இறக்கல.

அது எங்க போய் முடிஞ்சுது தெரியுமா? ஒரு ரிசப்ஷன்ல ரெண்டு வீட்லயும் செத்தவங்க நிறைய. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்தாங்க, போனாங்க. போனாங்கன்னா எங்க போனாங்க, எல்லாம் அடியிலதான் இருந்தாங்க. கண்ணுக்குத் தெரியலைன்னாலும் அத்தனை படத்தையும் மெஷின் ஓட்டிக்கிட்டேதானே இருக்கணும். முக்கிமுக்கி ஓடி, கடைசியில மாப்பிள்ளையோட பெரியப்பா வந்தப்போ அப்படியே உறைஞ்சு போச்சு. அவரு எதோ விருந்துல சாப்பிடற படம் அது. பொண்ணு மாப்பிள்ளைக்குக் கேக்கு ஊட்டறா, நடுவுல பெரியப்பா ஆவி மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறாரு. அசைய மாட்டேங்கறாரு. மொதல்ல நாலு பேரு சிரிச்சாங்க. அப்புறம் யாரோ கெட்ட சகுனம்னு சொல்ல, பெரியம்மா ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஓடிப்போய் வயரைப் புடுங்கினேன்.

மறுநாள் ஓனர் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. கட்டையை அடி வரைக்கும் இறக்கறதுக்கு என்ன கேடுன்னு கேட்டாரு. அக்கா எப்பவும் அவருக்குப் பதில் பேசினதில்ல. அன்னிக்குப் பேசினாங்க.

"ஒரு தடவை போனவங்க. நாமளே கூப்பிட்டு வரவெச்சுட்டு, இத்தனை பேரு பாக்கறப்போ என் கையால எப்படிங்க சுத்தமா இறக்கறது?"

ஓனருக்கும் அதுக்கு முந்தின வருஷம்தான் அம்மா தவறியிருந்தாங்க. ஆனா தொழில் தொழில்தானே. இனிமே ஒரு ஐட்டம் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கறதுக்கு நடுவுல எல்லாக் கட்டையும் அடியில இருக்கணும், திரை சுத்தமா கறுப்பா இருக்கணும்னு சொல்லிட்டாரு. கறுப்பு வந்துச்சான்னு பாக்கற வேலை என் தலையில விழுந்துச்சு.

அக்கா கேட்டு நடந்தாங்க. ஒவ்வொருத்தர் முடிஞ்சதும் கட்டையை அடியில முட்டற வரைக்கும் இறக்குவாங்க. இறக்கறப்போ உதடு அசையும், எதோ ஜெபம் சொல்ற மாதிரி. மெஷின் அப்புறம் தொந்தரவு குடுக்கல. ஆனா எனக்குத்தான் பேஜார். சுத்தமா கறுப்பு வரவே இல்ல. எந்த ஹாலுக்குப் போனாலும் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ப்ரொஜெக்டர் வாடகைக்குக் குடுத்த ஆளோட போய்ச் சண்டை போட்டேன். லென்ஸைத் தொடைச்சேன், வயரை மாத்தினேன். அக்கா, பாருங்களேன், இதுவா கறுப்புன்னுவேன். அவங்க நிமிந்து பாத்துட்டு, "பரவால்ல விடுப்பா, யாரு பாக்கறாங்க"ன்னுட்டு வேலையைப் பாப்பாங்க.

அக்காவை நான் சந்தோஷமா பாத்தது ஒரு ஞாயித்துக்கிழமை. கித்தார், டிரம்ஸ் வெச்சுக்கிட்டு ஒரு காலேஜ் கும்பல் மத்தியான ஷோ போட்டாங்க. பின்னால திரையில எதாவது ஓடணும், ஆனா ரோஜாப்பூ, அருவி எதுவும் வேணாம்னாங்க. அக்கா ஸ்டுடியோவோட வீடியோ கேமராவை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய்ப் படம் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. வட்டாரத்துக் கொடியில காத்துல ஆடற துணி. எரியலாமா வேணாமான்னு துடிக்கற ட்யூப்லைட். மழையில பஸ் கண்ணாடியைத் தொடைக்கற வைப்பர். பொங்கற பாலு. டிரம்ஸ் அடிக்கு வைப்பரை ஆடவிட்டு, அதுக்குள்ள துணியைப் பறக்கவிட்டு, பாட்டு உச்சத்துக்குப் போறப்போ பாலைப் பொங்கவெச்சாங்க பாருங்க, பசங்க விசில் அடிச்சுத் தீத்துட்டாங்க. அன்னிக்கு மட்டும் அக்கா நாற்காலியில உக்காரல, நின்னுக்கிட்டே வாசிச்சாங்க. ஆமா, வாசிச்சாங்கன்னுதான் சொல்லணும்.

முடிஞ்சதும் எல்லாரும் மேடையில ஏறிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. பாடின பையன் ஆன்ட்டி நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டான். மெஷினை விட்டுட்டு வர முடியாதுப்பான்னுட்டாங்க. மெஷினை அப்பவே அணைச்சாச்சு. கையில வயரைச் சுத்திக்கிட்டு கீழ நின்னு பாத்தாங்க. எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தான். அடுத்தவங்க குடும்பம் வரிசையா நிக்கும், அக்கா ஓரத்துல வயரு சுத்திக்கிட்டு நிப்பாங்க. சாப்பாடு கடைசிப் பந்தியில, தனியா. நான் போய் எதிர்ல உக்காந்தா, நீ வீட்டுக்குப் போப்பா, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்னு விரட்டுவாங்க. அவங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தது அந்த ரேடியோ ஒண்ணுதான்.

போன மாசம் மஞ்சக்காமாலை. முத்திப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்கே போனாங்க. அடக்கத்துக்கு நாங்க ஸ்டுடியோ ஆளுங்க, வட்டாரத்து ஜனங்க, அவ்வளவுதான். பெட்டி மேல வெக்கப் படம் அன்னிக்கு அவசரத்துல கைக்கு அகப்படல, ஸ்டுடியோவுல எங்கயாவது இருக்கும்னு விட்டுட்டோம். செத்தவங்களையெல்லாம் திரையில வரவெச்ச பொம்பளைக்கு ஒரு படம் இல்ல. சிலுவையை மட்டும் வெச்சு அனுப்பினோம்.

தம்பி வந்துட்டுப் போனதுலேர்ந்து நான் கேசட்டைப் போட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். மொதல்ல ஹால்ல எடுத்த டேப்புங்க. ஒண்ணுல முழங்கை. ஒண்ணுல சேலை ஓரம். ஒண்ணுல தூண் பக்கத்துல ஒரு தோள்பட்டை, அதுவும் அவங்கதானான்னு சத்தியம் பண்ண முடியாது. கேமரா அந்தப் பக்கம் திரும்பினாலே குனிஞ்சுடுவாங்களோ என்னமோ. அப்புறம் வேற வழியில்லாம, அக்கா கலக்கினதை அப்படியே பதிவு பண்ணி வெச்ச கேசட்டுங்களை எடுத்தேன். ப்ரொஜெக்டருக்குப் போற வயரையே பிரிச்சு ஒரு வீசிஆருக்கும் குடுத்திருப்போம். அதுல அக்கா இருக்க வழியே இல்ல, திரையில ஓடினது மட்டும்தான் இருக்கும். சும்மா அவங்க வேலையைப் பாக்கலாமேன்னு போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். வெயில் அடிக்குதுன்னு ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சிருந்தேன். எதோ ஒரு கல்யாணம். மாலை மாத்தினாங்க, முடிஞ்சுது. திரை கறுப்பாச்சு. அந்தப் பாழாப்போன சாம்பல். இங்க ப்ரொஜெக்டரே இல்ல, டீவிதான், இங்கயும் சாம்பல். அப்போ ப்ரொஜெக்டர் மேல தப்பில்லையா? பக்கத்துல போய்ப் பாத்தேன். சாம்பல் அசையுது.

டீவியில வெளிச்சத்தைக் கூட்டற திருகை முழுசாத் திருகினேன். புள்ளி புள்ளியா, மண்ணைக் கரைச்சுவிட்ட தண்ணி தெளியற மாதிரி ஒரு முகம் வந்துச்சு. அக்கா. கீபோர்டைக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்காங்க. நெத்தியில சின்னப் பொட்டு. மானிட்டர் தலையில உக்காந்திருந்த அந்தக் குட்டிக் கேமராவோட படம். முதல் கட்டை. எல்லாரையும் அடியில முட்டற வரைக்கும் இறக்கினவங்க, அதை மட்டும் அடி வரைக்கும் இறக்கல. நிமிந்து எதிர்ல இருக்கற பெரிய திரையைப் பாக்கறாங்க. நானும் இங்க இருக்கேன்ல அப்படிங்கற மாதிரி ஒரு சிரிப்பு. அடுத்த ஐட்டம் வந்து மூடிடுச்சு.

வேற கேசட்டைப் போட்டேன். அதுலயும் இருந்தாங்க. இன்னொண்ணுலயும். பெரியப்பா உறைஞ்சு நின்னாரே, அதுக்கப்புறம் நடந்த ஒரு கல்யாணத்தையும் விடல. ஊராரு கல்யாணத்துக்கெல்லாம் அடியில, ஒவ்வொரு கறுப்புலயும், அக்கா உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்காங்க. நான் தரையில உக்காந்து அழுதேன். வெக்கப்பட என்ன இருக்கு.

ஞாயித்துக்கிழமை தம்பி வந்தாரு. அந்த நிமிந்து பாக்கற இடத்துல நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவருக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் நாற்காலியை டீவி கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாரு. இதைவிடத் தெளிவா வேற இருக்கா சார்ன்னாரு. இல்லைங்க, எல்லாமே இப்படித்தான், ஆனா எல்லாக் கேசட்லயும் இருக்காங்கன்னேன். அவரு தலையாட்டினாரு. யாரைப் பாத்து சிரிக்குதுன்னு கேட்டாரு. கல்யாணத்தைப் பாத்துன்னு சொன்னேன். யாரு கல்யாணம்னு கேட்டாரு. யாரோ, எங்களுக்கே தெரியாதவங்கன்னேன்.

இந்தப் படத்தை கம்ப்யூட்டர்ல ஏத்தி, அட்டைக்குத் தோதா பண்ணிக் குடுத்துடறேன்னு சொன்னேன். சரிங்க சார்ன்னாரு. வந்த வேலை முடிஞ்சுதேன்னு நான் டீவியை அணைக்கறதுக்குக் கையை நீட்டினேன். அவரு சட்டுன்னு என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு.

"கொஞ்சம் இருக்கட்டும் சார்."

நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு அவரு பக்கத்துல உக்காந்தேன்.